வந்தவங்க

ஜூன் 3
வெங்காயம் காயப்போட்டேன். பின்னேரம் ஃபேஸ்புக் பார்த்தேன். புத்தளத்துப் பக்கமொன்றில் ஒரு பட்டியல், அரச வேலை கிடைத்தவர்களின் பெயர்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பத்துப் பெயர்களுக்கு மட்டும் சிவப்புக் கோடு. என் கணவரின் தங்கச்சி றிஃப்னாவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கீழே இவர் எழுதியிருந்தார்: "வந்தவங்க வந்த இடத்துக்கே போகட்டும்."

நிஸார் என்ற பெயர். எங்கள் மகள் ஜுமானாவைத் தூக்கி வைத்திருக்கும் படம். 212 லைக்.

ராவைக்கு மீன் ஆணம். நல்லாயிருக்கு என்றார்.

ஜூன் 4
கேட்டுவிட்டேன்.
"ஒன்னயச் சொல்லல்ல. அவங்களத்தான் சொன்னன்."
"அவங்கன்டா யாரு?"
போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

வாப்பாவும் உம்மாவும் மன்னாரிலிருந்து வந்தவர்கள். நான் பிறந்தது கரைத்தீவு முகாமில். கலியாணம் முடித்து வந்தது இவருடைய ஊரான குறிஞ்சிப்பிட்டிக்கு. வந்த இடம் என்றால் எனக்கு எது?

ஜூன் 7
ஹஜ்ஜுப் பெருநாள். என் கூடப்பிறந்த நானா இன்சாப் வரவில்லை. பத்து வருஷமாக இவரும் அவரும் ஒரே சைக்கிளில்தான் பெருநாள் தொழுகைக்குப் போவார்கள். ஏன் வரவில்லை என்று இவர் கேட்கவும் இல்லை.

ஜூன் 9
இவர் எழுதியதை நானா படம்பிடித்துத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். மேலே: "எங்கட ஆக்கள முதுகொடிய வேலவாங்கி வெங்காயம் வித்துத் திண்டவங்க." அதன் கீழே யாரோ ஒருவன், "இவன்ட பொஞ்சாதியும் அகதிதானே, அவள மட்டும் ஏன் வெச்சிருக்கான்?" என்று. நானா அதற்கும் லைக் போட்டிருந்தார்.

வாசிக்காமல் போட்டிருப்பார். வாசித்துத்தான் போட்டாரா?

ஜூன் 10
ஒன்றும் தோன்றவில்லை. உடுப்புக் கழுவினேன்.

ஜூலை 2
நானா கோல் எடுத்தார். மன்னாரில் வாப்பாவின் காணியைத் துப்புரவாக்கியாயிற்றாம். உம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். "அங்க நம்மள யாரும் வந்தவங்கன்னு சொல்ல மாட்டாங்க" என்றார். அந்த லைக்கைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உம்மா போனை வாங்கி முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தா. போக விருப்பமா என்றேன்.
"அவன் போனா நானும் போகத்தானே வேணும்."

ஆகஸ்ட் 16
காலையில் உம்மாவை வழியனுப்பக் கரைத்தீவுக்குப் போனேன். வரமாட்டார் என்று நினைத்தேன், இவரும் வந்தார். லொறியில் அலுமாரி ஏற்றும்போது ஒரு பக்கம் நானா, மற்றப் பக்கம் இவர். "மெல்ல, மச்சான்" என்றார் நானா. இரண்டு மாதத்தில் இருவருக்குள்ளும் அந்த ஒரு கதைதான். இனி சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

உம்மாவை முன் சீட்டில் இருத்தினோம். லொறி வெளிக்கிட்டது. வாசல் படலையடியில் நானும், கையில் போனோடு இவரும் மட்டும் நின்றோம்.

அஸர் தொழுதுவிட்டுப் போனைத் திறந்தேன். அதே புத்தளத்துப் பக்கம். சாமான் ஏற்றிய லொறியின் படம். "இன்று ஒரு குடும்பம் போனது. அல்ஹம்துலில்லாஹ்." எடுத்தவர் பெயர் இல்லை.

படத்தில் உம்மா ஜன்னலால் கையை நீட்டி ஆட்டுகிறா. என்னைத்தான் பார்க்கிறா.