ஓர் இஞ்ச் குட்டையான பனியன்கள்

அக்கா,

இன்று காலை புதிதாக வந்த ரோல்களைப் பிரித்து மேஜை நீளத்துக்கு விரித்துப் போட்டோம். புதுத் துணியின் வாசம், லேசான எண்ணெயும் நீராவியும் கலந்த அந்த வாசம், ஷெட் முழுக்கப் பரவியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டர், துணியில் ஏதாவது கோளாறா என்று பதறிப்போய்க் கேட்டார். துணி நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் பழைய கோளாறு என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

நம் இருவருக்கும் ஒரே வயது. இருந்தும் நான் உங்களை அக்கா என்பேன், நீங்கள் என்னை அக்கா என்பீர்கள். யார் பெரியவள் என்பது கடைசிவரை தீரவே இல்லை. நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நல்லூரில் பதினைந்து தையல் மெஷின் போட்டவள். நீங்கள் மடத்துக்குளத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அருள்புரத்தில் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். இருவருக்கும் ஒரே ஏற்றுமதிக் கம்பெனிதான் வேலை கொடுத்தது. துணிக்கு நீங்கள், தையலுக்கு நான். கோபத்தில்கூட 'ங்க' போட்டுத் திட்டுகிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஊரில் திட்டு என்றால் தெருமுனை வரை கேட்க வேண்டும்.

முதன்முதலில் உங்களிடமிருந்து துணி வந்தபோது கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. இரண்டாவது ரோலில் ஊசிக்கோடு இருக்கிறது, ஏழாவது ரோலின் முடிவில் எண்ணெய்க் கறை இரண்டு இடத்தில் இருக்கிறது, பார்த்து வெட்டுங்கள் என்று கொட்டை எழுத்தில். தன் சரக்கின் குறையைத் தானே எழுதி அனுப்புகிற ஆள் உண்டா? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தேன். சின்னதைச் சொல்லிப் பெரியதை மறைக்கிறார்களோ என்று அத்தனை ரோல்களையும் பிரித்து அங்குலம் அங்குலமாகத் தேடினேன். நீங்கள் எழுதியதற்கு மேல் ஒரு பொட்டு இல்லை. பிறகு ஒருநாள் இதை உங்களிடம் சொன்னபோது, டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தீர்கள்.

அந்தச் சீட்டுகளை நம்பி நான்கு வருடம் ஓட்டினேன். ஐந்தாவது வருடம்தான் அந்தப் பிள்ளைகள் பனியன் ஆர்டர் வந்தது. சனிக்கிழமை சரக்கு ஏற வேண்டும். புதன்கிழமை மாலைதான் துணி வந்தது. உங்கள் சீட்டில் ஒரே வரி: ரோல் இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது, ஒரு நாள் விரித்துப் போட்டு அப்புறம் வெட்டுங்கள். பின்னல் துணி ரோலில் இழுபட்டு இருக்கும், விரித்துப் போட்டால்தான் தன் அளவுக்குத் திரும்பும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் எனக்கு அவசரம். அன்று மாலையே வெட்டச் சொன்னேன்.

அயர்ன் டேபிளில் நீராவி பட்டதும் பெரிய சைஸ் பனியன்கள் எல்லாம் ஓர் இஞ்ச் குட்டையாகிவிட்டன. கம்பெனி மேனேஜர் போனில் கத்தினார். துணி சுருங்கிவிட்டது சார் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் உறைத்தது. உங்கள் மெஷின்களில் பாதி அந்தக் கம்பெனிக்காகவே ஓடின. சுருங்குகிற துணி என்று ஒருமுறை பெயர் விழுந்தால், ஊரில் யார் உங்களிடம் துணி எடுப்பார்கள்?

மேனேஜர் உங்களுக்கும் போன் செய்திருக்கிறார், அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினீர்கள். டேப்பை எடுத்துப் பத்துப் பனியன்களை அளந்தீர்கள். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அக்கா, விரிச்சுப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்ப என்ற துணிலதானுங்க தப்பு" என்று சொல்லி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டீர்கள். அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் செய்து, துணியைத் திரும்ப ஓட்டித் தருகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டீர்கள். நான் பக்கத்தில் நின்று பனியன்களை மடிக்க ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது அக்கா. இன்றும் இதை எழுதும்போது காது சுடுகிறது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அருள்புரம் வந்தேன். எனக்காக உங்கள் மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நூல் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, நான் விரித்துப் போடவே இல்லை என்று சொன்னேன். மெஷின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. எத்தனை கொடுமை! இன்னொரு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வேலை செய்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது.

நீங்கள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். முகம் சிவந்திருந்தது. "நேத்துப் பூரா என்ற மாஸ்டரைத் திட்டீட்டு இருந்தேனுங்க. மொதல்ல அவருகிட்டச் சொல்லுங்க" என்றீர்கள். போய்ச் சொன்னேன். அந்த மனிதர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, பரவாயில்லை, ராத்திரி சோறுதான் இறங்கவில்லை என்றார். அதைக் கேட்டு முதலில் சிரித்தது நீங்கள்தான்.

பிறகு உங்கள் மொபெட்டின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனீர்கள். தப்பு என்னுடையது சார் என்று நான் ஆரம்பித்தேன். ரோலை இறுக்கிச் சுற்றியது தான்தான் என்று நீங்கள் குறுக்கே வந்தீர்கள். அதைத்தான் சீட்டில் எழுதியிருந்தீர்களே என்று நான் உங்களிடம் எகிற, இறுக்காமல் சுற்றியிருந்தால் எழுதவே வேண்டியதில்லையே என்று நீங்கள் பணிவாக எகிற, மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். இத்தனை வருடத்தில் தப்பு உன்னுடையது என்று சண்டை போடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், என்னுடையது என்று சண்டை போட்டு இன்றுதான் பார்க்கிறேன் என்றார். நான்கு நாள் கூடுதலாக வாங்கித் தந்தார். குட்டையானவற்றைப் பிரித்துச் சின்ன சைஸுக்கு வெட்டினோம், பெரிய சைஸுக்குப் புதுத் துணி தந்தீர்கள். துணிகளை விரித்துப் போட நீங்களே வந்து நின்றீர்கள். சரக்கு ஏறிய அன்று நாம் இருவரும் சாப்பிட்ட பரோட்டாவின் எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சீட்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: "விரிச்சுப் போடுங்க சாமி." பத்துப் பன்னிரண்டு வருடம் விடாமல் கேலி செய்தீர்கள். நானும் அனுப்புகிற பெட்டிகளில் என் குறைகளை எழுதி வைக்கப் பழகினேன். முதலில் சிரித்த கம்பெனிக்காரர்கள், பிறகு எங்கள் பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோதுதான் கேட்டேன். அன்று நான் பொய் சொன்னதைப் பற்றி, ஏன் சொன்னீர்கள் என்று ஒருமுறைகூட நீங்கள் கேட்டதில்லையே, ஏன்? தலையணையில் சாய்ந்தபடியே சொன்னீர்கள்.

"பொய்யெல்லாம் இல்லீங்க்கா. நான் கேட்டேன், நீங்க மறுநா வந்து சொன்னீங்க. பதில் ஒரு நா தாமதமாயிருச்சு, அவ்வளவுதானுங்க."

அந்த ஒரு நாளைத்தான் இன்றுவரை குறைத்துக்கொண்டு வருகிறேன் அக்கா. இப்போதும் யாராவது கேட்டவுடன் எனக்கு உண்மை வந்துவிடுவதில்லை. வாய் முந்திக்கொண்டு எதையாவது சொல்லப் பார்க்கிறது. ஆனால் முன்போல ஒரு நாள் ஆவதில்லை, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிறது.