பஞ்சு தொடும்போது

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெலாப்பாங்கில் வேலைக்கு வந்த இடத்தில் நான் நலம். உங்கள் முதுகுப் புண் ஆறியதா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முன்பு, ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பயிற்சி கொடுத்த பிரமிளா அக்காவிடம், உங்கள் கால் மறுபடி அசையுமா என்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன். நீங்கள் லாரியிலிருந்து விழுந்ததில் தண்டுவடம் நசுங்கினாலும், சில நரம்பிழைகள் பிழைத்திருக்கலாமாம். "எது உயிரோட இருக்குன்னு தெரிஞ்சாதானே தங்கச்சி பயிற்சி கொடுக்க முடியும்? அப்பா கால்ல பஞ்சால தொட்டுப் பாருலா" என்றார்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது உங்களைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன். ஒவ்வொரு தடவையும் "தெரியுதும்மா" என்றீர்கள். கடைசித் தடவை நான் தொடவே இல்லை, அப்பா.

அக்காவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அம்மாவை மறுபடி தொடச் சொல்லுங்கள். ஒரே ஒரு கால்விரலாவது நிஜமாகத் தெரிந்தால் போதும்.

நம் ஊர் பீடோரிலிருந்து யாராவது இங்கே வந்தால் என் தலையணையைக் கொடுத்துவிடுங்கள். இங்கே தூக்கம் வரவில்லை.

ஃபேக்டரி பஸ் வந்துவிட்டது. எனக்காகப் பொய் சொல்லாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்
தினேஸ்வரி