தடைக்கால ஞாயிறுகள்

மாமா,

பால்கனிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் உங்கள் தூண்டில் பை மறுபடி நாறத் தொடங்கிவிட்டது. வெயில் ஏறினால் போதும், அதில் ஊறிப்போன இறால் வாடை கிளம்பிவிடும். தூக்கிப் போடச் சொல்லி அத்தை காலையிலிருந்து புலம்புகிறார். அவரே போடலாம், போடமாட்டார். மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. காசிமேட்டில் லாஞ்சிகளெல்லாம் கட்டிக் கிடக்கின்றன.

பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிற மனிதரை நான் முதன்முதலில் பார்த்தது நம் வீட்டில்தான். நான் லாஞ்சியில் மீன்பிடிக்கப் போகிறவரின் மகள். எங்களுக்குக் கடல் என்றால் வயிற்றுப்பாடு. பென்ஷன் வாங்கிக்கொண்டு, ஞாயிறானால் தொப்பி மாட்டிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கிளம்பிய உங்களைப் பார்த்து, மாமனார் என்றும் பாராமல் சிரித்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கெட்டிக்காரர். மழைக்காலம் முடிந்த கையோடு கொடுவா மீன் கொண்டுவருவீர்கள். தூண்டில் நரம்பில் முள்ளைக் கட்டும் முடிச்சை டிவி பார்த்துக்கொண்டே போடுவீர்கள். ஒருநாளும் அது அவிழ்ந்ததில்லை.

என் கல்யாணத்துக்கு என்னைப் பெற்ற நைனா வரவில்லை. சாதி விட்டுப் போனவள் செத்தவளுக்குச் சமம் என்று குப்பத்தில் சொல்லிவிட்டார். நம் வீடு இருக்கும் காலடிப்பேட்டையிலிருந்து எங்கள் குப்பம் நடக்கிற தூரம்தான். மார்க்கெட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக்கு வந்து பாத்திரங்களின்மேல் கோபத்தைக் காட்டுவேன். நீங்கள் ஒருநாளும் ஏனென்று கேட்டதில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போனது. அந்தத் தடைக்காலத்தில் நீங்கள் எண்ணூரை விட்டுவிட்டு, எங்கள் குப்பத்தை ஒட்டிக் கடலரிப்புக்காகக் கொட்டியிருக்கும் கற்களில் போய் உட்கார ஆரம்பித்தீர்கள். லாஞ்சி ஓடாத நாட்களில் நைனா அங்கேதான் வலை சரிபார்த்துக்கொண்டிருப்பார் என்று பேச்சுவாக்கில் உங்களிடம் சொன்னது நான்தான். வாராவாரம் வெறுங்கையோடு திரும்பினீர்கள். முள் போய்விட்டது, நரம்பு சிக்கிவிட்டது என்று ஏதேதோ கதை. வயசாகிவிட்டது என்று அத்தை கேலி செய்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நடந்ததைப் பிற்பாடு நைனா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் யாரென்று அவருக்கு முதல் நாளே தெரியும். பேசக்கூடாது என்று வீம்பாக இருந்திருக்கிறார். ஆனால் நீங்கள் போட்ட முடிச்சு ஒவ்வொரு தரமும் அவிழ்ந்து முள் தண்ணீரோடு போவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. நாலைந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் வலையை அப்படியே போட்டுவிட்டுக் கல்மேல் ஏறி வந்திருக்கிறார்.

"இன்னா சார் முடிச்சு போட்ற நீ? குடு இப்டி."

அன்று இரண்டு பேருமாகப் பிடித்த கிழங்கானைப் பையில் போட்டுக்கொண்டு அவரே உங்களோடு வீட்டு வாசல்வரை வந்தார். நான் கதவைத் திறந்தேன். குழம்பில் புளியைக் கொட்டிவிடாதே என்றார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சமையலறைக்கு ஓடி வாய்விட்டு அழுதேன்.

முடிச்சுக் கதையை அவர் சொல்லிவிட்டுப் போனபிறகு உங்களிடம் கேட்டேன், வேண்டுமென்றேதானே செய்தீர்கள் என்று.

"கம்முனு கெட. எங்கியும் உளறிவைக்காத," என்றீர்கள்.

உங்கள் காரியத்தன்று நைனா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். "சாருக்கு ஒரு முடிச்சு போடத் தெரியாது. நான்தான் கத்துக் குட்தேன்." எண்ணூரில் பல வருஷம் உங்களோடு தூண்டில் போட்ட நண்பர் ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையில் காபி டம்ளரைத் திணித்துவிட்டு அங்கேயே நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பேசாமல் காபியைக் குடித்தார்.

நைனாவுக்கு இப்போது கடலுக்குப் போக உடம்பு இடம் கொடுப்பதில்லை. வாரம் தவறாமல் வருகிறார், என் கையால் சாப்பிடுகிறார், அத்தையிடம் அதே கதையை மறுபடி சொல்கிறார். இனிமேல் உண்மையைச் சொன்னால் என்ன, சிரித்துவிட்டுப் போவார் என்கிறார் உங்கள் மகன். அவருக்கு என் நைனாவைப் பற்றி என்ன தெரியும்? ஏமாந்துபோனோம் என்று தெரிந்தால் இன்னொரு தரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். அதை இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது.

நான் இருக்கும்வரை உங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியாது, மாமா.