ஹிசாக்கோவின் பூச்செண்டு

ஸ்காபரோ, கனடா,
14.10.1993

அன்புள்ள பெரியக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இவருடைய முயற்சியால் நாங்கள் எல்லோரும் சுகம்.

உங்கள் மகள் நிரூபாவுக்கு இவர் பார்த்த, இங்கே பக்கத்துப் பிக்கரிங்கில் இருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடியில்லை, புகையில்லை, சொந்த வீடு. கலியாணத்துக்கு முதல் நிரூபா கொழும்பு வங்கி வேலையை விட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் விருப்பம். சீதனமே கேட்காத பெடியன், இதையாவது கேட்கட்டும் என்கிறார் இவர்.

வேறு புதினம். நூலகத்து ஆங்கில வகுப்பில் என் பக்கத்தில் ஹிசாக்கோ என்ற ஜப்பான்காரி இருக்கிறாள். கணவனைக் கம்பனி இங்கே அனுப்பியிருக்கிறது. போன கிழமை ஒரு போட்டோ காட்டினாள். கையில் பெரிய பூச்செண்டு, சுற்றிநின்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். கலியாணப் போட்டோவா என்று கேட்டேன். இல்லையாம், கலியாணத்துக்காக வேலையை விட்ட நாளாம். பாலங்களுக்கு வரைபடம் கீறியவள். பெண் மணம் முடித்தால் மேசையைக் காலி செய்வது அந்தக் கந்தோரில் வழக்கம். யாரும் போ என்று சொல்வதில்லை. பூ வாங்கி வந்துவிடுவார்கள்.

இப்போது அவளுடைய வேலை, கணவனின் மேலதிகாரி மனைவிக்குத் தேநீர் ஊற்றுவது. ஊருக்குத் திரும்பினாலும் இந்த வயதில் பாலம் கிடைக்காது. கடையில் சாப்பாட்டுப் பெட்டி அடுக்கலாம். அதிலும் வருடத்துக்கு ஒரு அளவுக்கு மேல் உழைத்தால் கணவனின் வரிச்சலுகை போய்விடும் என்று, மார்கழியில் பெண்கள் தாங்களாகவே லீவு எடுப்பார்களாம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜப்பான் கதை என்றால் இவருக்கு அலுப்பு. தபாலில் போடமுன் வாசிக்கும்போது இந்தத் தாளைத் தாண்டிவிடுவார். அதனால் இதிலேயே எழுதுகிறேன், அக்கா. நான் சுன்னாகத்தில் கணக்குப் படிப்பித்ததை விட்டபோது யாரும் பூச்செண்டு தரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். இங்கே திரும்பப் படிப்பிக்கப் போகட்டோ என்று கேட்டேன். வீட்டில் என்ன குறை என்றார். தேடிப் பார்த்தேன். இரண்டு குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது.

நிரூபா விலகல் கடிதம் கொடுத்துவிட்டாளா? கொடுத்திருந்தால் போய்த் திருப்பி வாங்கச் சொல்லுங்கள். நீங்களும் அத்தானிடம் காட்டித்தான் முடிவெடுப்பீர்கள் என்று தெரியும். அவருக்கும் ஜப்பானில் அக்கறை இருக்காது என்று நம்புகிறேன்.

மற்றும்படி, மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. பிந்தாமல் சம்மதம் தெரிவிக்கும்படி இவர் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நிரூபாவுக்கு எங்கள் இருவரின் ஆசிகள். பிறநாட்டு நடப்புகள் அவளுக்குப் பிடிக்கும். ஜப்பான் பகுதியை அவளே வாசிக்கட்டும்.

உங்கள் தங்கை,
யோகராணி