பண்ணைச் சேவலின் உத்தரவு

இன்று காலை தேனியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒருவர் என் காலடியில் கோழித் தீவன மூட்டையை இறக்கிவைத்தார். கருவாட்டுத் தூளும் கடலைப் புண்ணாக்கும் கலந்த வாடை. அதற்கு அடியில் லேசாக மருந்து வாடை. முன் இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கண்டக்டர், இதை மேல ஏத்தச் சொல்லக் கூடாதா?" என்று சத்தம் போட்டார். நான் பொத்தவில்லை. அந்த வாடைக்குள் ஆறு வருஷம் இருந்தவன் நான். சின்னமனூரில் இறங்கிய பிறகும் அது சட்டையில் இருந்தது. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது, மாப்ள. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ இறந்த அன்று கோடித் துணி எடுத்துக்கொண்டு வந்தேன். தாலி இழந்த தங்கச்சிக்கு அண்ணன் செய்ய வேண்டியதைச் செய்தேன். "இப்பவாவது வந்தாகளே" என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். உன்னோடு சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். ஆகவில்லை. பதில் சொல்ல முடியாதவனிடம் வழக்குப் பேசுவது என்ன ஆம்பிளைத்தனம் என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள். எனக்கு வேறு வழி இல்லை.

என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்பே நீ என் கூட்டாளி. அறுபதுகளின் கடைசியில் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்ப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு வந்து, வாய்க்கால் கரையில் நின்றபடி சொன்னாய்: "நெல்லு வருசத்துக்கு ரெண்டு தடவ. கோழின்னா தினமும் அறுவடை, மச்சான்." மலையடிவாரத்தில் உன் புஞ்சையில் கொட்டகை எழுந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னிடம் மருந்துப் பெட்டியை ஒப்படைத்தாய். அதற்குள் மடித்து வைத்திருந்த ஆங்கிலக் காகிதத்தை நான் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு காகிதத்துக்கு நாலு நாள் ஆகும். "எங்க மச்சான் கோழி டாக்டரு" என்று முட்டை ஏற்ற வந்த குமுளி லாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். எனக்கு அதில் பெருமைதான்.

குஞ்சுகளுக்கு அலகு வெட்டியதும் நான்தான். காய்ச்சிய இரும்புத் தகட்டில் அலகின் நுனியை வைத்து அழுத்த வேண்டும். நெருக்கி வளர்க்கிற கோழி ஒன்றையொன்று கொத்திக் கொல்லும். அதனால் கொத்துகிற அலகை எடுத்துவிடுவது. முதல் நாள் சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்து இறங்கியது. அப்படி இறங்கியதைத்தான் இப்போது அதிகமாக நினைத்துப் பார்க்கிறேன்.

கம்பிக் கூண்டு வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு முழ அகலக் கூண்டில் நாலு முட்டைக்கோழி. இறக்கையை விரிக்க இடம் கிடையாது. தரையையே பார்க்காத ஒரு வெள்ளைக்கோழி, தீவனத் தொட்டியில் கழுத்தை நீட்டிப் படுத்து, நெஞ்சைத் தேய்த்து, மண்ணில் புரளுவதுபோலப் புரளப் பார்த்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, "தீவனம் சிந்துது மச்சான். தொட்டி விளிம்ப ஒசத்தணும்" என்றாய். மறுநாள் உயர்த்தியும் விட்டாய்.

அப்போதே நான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

பிறகுதான் உனக்குச் சாமிச் சேவல் யோசனை வந்தது. ஆடி மாதம் கருப்பசாமி கும்பிடுக்கு ஊரில் வீட்டுக்கு ஒரு சிவப்புச் சேவல் வேண்டும். நாட்டுச் சேவல் அத்தனை கிடைப்பதில்லை. தனிக் கொட்டகையில் முந்நூறு சீமைச் சிவப்புச் சேவல் விட்டாய். சாமிக்குப் போகிற உயிருக்கு ஊனம் இருக்கக் கூடாது. ஆகவே அவற்றுக்கு மட்டும் அலகு வெட்டவில்லை. அலகு இருந்ததால் கொத்திக்கொண்டன. கொத்தாமலிருக்கச் சாக்குப் படுதாவை இறக்கிக் கொட்டகையை இருட்டாக்கினாய். கோழிகளைக் கூட்டமாகக் கொல்கிற வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போடலாம் என்று நான் குப்பியை எடுத்தபோது தடுத்தாய்: "முட்டைக்கோழிக்குப் போடு. இதுக்கு எதுக்கு? ஆடியில எப்படியும் கழுத்து போகப் போகுது." எடுத்த குப்பியை நானும் திருப்பி வைத்தேன்.

இரண்டு வருஷம் சேவல் நன்றாகப் போயிற்று. ஒரே ஒரு குறைதான் வந்தது. கோயிலில் சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வெட்டு. சிலிர்க்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்குள் ஏதோ குற்றம் என்று பேச்சு வரும். இருட்டில் வளர்ந்த உன் சேவல்கள் ஆடி வெயிலில் கண் கூசி, தண்ணீர் விழுந்ததுகூடத் தெரியாமல் மரம்போல நின்றன. "ஏய்யா, ஒன் பண்ணைச் சேவலு கருப்பனையே கண்டுக்கிட மாட்டேங்குதே! பெரிய ஆபீசரு வீட்டுப் பிள்ளையா?" என்று பூசாரி உன்னைக் கேலி செய்தார். மூன்று குடம் தண்ணீர் ஊற்றிச் சிலிர்க்க வைத்த வீடும் உண்டு.

மூன்றாவது வருஷம் கும்பிடு வெள்ளிக்கிழமை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் படுதாவைத் தூக்கிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து சேவல் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. தரையில் பரப்பிய கூளத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். மூலையில் நின்ற ஒன்றுக்குக் கழுத்து திருகித் தலை நடுங்கிக்கொண்டிருந்தது. கொட்டகையைப் பெருக்குகிற பேச்சியம்மாள் அன்று இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடிய வந்திருந்தாள். "தூசி விழுந்துருச்சுண்ணே" என்று சொல்லி, கண் தெளியட்டும் என்று கொட்டகைக்குள் வராமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நான் படித்த காகிதத்தில் அதுவும் இருந்தது. இந்தச் சீக்குக்கோழியைக் கையாளுகிறவர்களுக்குக் கண் சிவக்கும் என்று.

உன்னைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"வெள்ளைக்கழிச்சல். ஒரு சேவலும் வெளிய போகக் கூடாது, மாப்ள."

"சளி மச்சான். பெட்டியில இருக்குற மஞ்ச மருந்துப் பொடியத் தண்ணியில கலக்கி வை."

"அந்தப் பொடி இதுக்குக் கேக்காது. அதக் குடுத்தாலும், கறிக்கு வெட்டுறதுக்கு முன்னால சில நாள் விடணும்னு காகிதத்துல எழுதியிருக்கான்."

"அது வெள்ளக்காரன் வயித்துக்கு எழுதுனது. நம்மாளு கல்லத் தின்னாலும் செரிச்சுருவான்."

"ஊருக்குள்ள இது போனா, அங்கன இருக்குற நாட்டுக்கோழி ஒண்ணு மிஞ்சாது. சொல்லிப்புட்டேன்."

நீ என் தோளில் கை வைத்தாய். "முந்நூறு வீட்டுக்கு வாக்குக் குடுத்துருக்கேன். இப்பப் போயிச் சீக்குன்னு சொன்னா நாளைக்கு எவன் நம்ம முட்டைய வாங்குவான்? ஒன் தங்கச்சியத்தான் நடுத்தெருவுல நிப்பாட்டப் பாக்குறே."

அன்று மத்தியானம் தங்கச்சி வந்தாள். "அண்ணே, ஊருல சொல்லிறாதீக. எனக்காக" என்றாள்.

நான் சொல்லவில்லை. உன்னைத் திருத்திவிடலாம் என்று புதன்கிழமை பேசினேன். வியாழக்கிழமை காலையிலும் பேசினேன். நீ மஞ்சள் மருந்துப் பொடியைக் கலக்கிவைத்தாய். செத்ததை எல்லாம் விடிவதற்குள் புதைத்துவிட்டு, நிற்க முடிந்ததை எல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் கொடுத்தனுப்பினாய். ஊர்ச் சனம் சிரித்துக்கொண்டு வந்து வாங்கிப் போனார்கள். மாலை போட்டு, காலில் கயிறு கட்டி, வீட்டு முற்றத்தில் நாட்டுக்கோழிகளுக்கு நடுவே கட்டிப்போட்டார்கள். சாமிச் சேவல் ஒரு ராத்திரி வீட்டில் தங்க வேண்டும், அதுதான் முறை. பேச்சியம்மாளுக்கும் ஒன்று கொடுத்தாய். வேலைக்காரி என்று இனாமாகக் கொடுத்தாய்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். முதல் சேவலைக் கொண்டுவந்தார்கள். பூசாரி செம்பைச் சாய்ப்பதற்கு முன்பே அது தலையை உதறியது. கூட்டம் குலவை போட்டது. அடுத்ததும் உதறியது. அதற்கடுத்ததும். "ரெண்டு வருசமா மொகத்தத் திருப்பிக்கிட்டிருந்த கருப்பன் இந்த வருசம் அள்ளிக் குடுக்குறாண்டா!" என்று பூசாரி ஆடினார். கழுத்து திருகிக்கொண்ட ஒரு சேவலைப் பார்த்து, "இது கோயிலப் பாத்துத் திரும்புது" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நடுவில் போய் நின்றேன். "நிப்பாட்டுங்கய்யா! இது உத்தரவு இல்ல. சீக்கு. நரம்புல சீக்கு ஏறித் தலை நடுங்குது. இதத் திங்காதீக. தலையையும் குடலையும் வெளிய போடாதீக, குழி தோண்டிப் பொதைங்க!"

"ஏலே, சாமி வாக்குக்குச் சீக்குன்னு பேரு வைக்கிறியா?" என்று பூசாரி அரிவாளோடு திரும்பினார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ துண்டை இடுப்பில் கட்டி, கை கூப்பி நின்றாய். "சொல்லு மாப்ள. உனக்குத் தெரியும். சொல்லு" என்றேன். நீ வாயைத் திறந்தாய். ஒரு நிமிஷம் நீ சொல்லிவிடுவாய் என்றே நம்பினேன்.

"எங்க மச்சான் இங்கிலீசு படிச்சுப் படிச்சு, கும்பிட வந்த எடத்துலயும் கோழிக்கு ஊசி போடப் பாக்குறாரு" என்றாய்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் வெட்டு விழுந்தது. என்னை இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அதோடு உன் பண்ணைக்கு நான் வரவில்லை. உன் வீட்டு வாசலும் மிதிக்கவில்லை.

கறி தின்றவர்களில் சிலருக்கு வயிற்றோட்டம் கண்டது. அது எதனால் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. திருவிழாச் சாப்பாட்டில் ஆயிரம் இருக்கும். தெரியாததைத் தெரியும் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் கோழிகள் செத்ததைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. ஐந்தாம் நாள் ஆரம்பித்தது. ஆடிக்காற்றில் இறகு தெருத் தெருவாகப் பறந்தது. குப்பைமேட்டில் போட்ட குடலைக் கொத்தின கோழிகளும், மாலை போட்ட சேவலோடு ஒரே முற்றத்தில் நின்ற கோழிகளும் வரிசையாகக் கவிழ்ந்தன. இரண்டு வாரத்தில் ஊரில் சேவல் கூவவில்லை. உன் கம்பிக் கூண்டுக்குள் வெள்ளைக்கோழிகள் வழக்கம்போல முட்டை போட்டன. அவற்றுக்கு நான் என் கையால் ஊசி போட்டிருந்தேன்.

பேச்சியம்மாளிடம் பதினொரு நாட்டுக்கோழி இருந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாறு வைத்துக் கொடுக்க, குஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்தவை. பதினொன்றும் போயின. நீ இரண்டு வெள்ளைக்கோழி கொடுத்தனுப்பினாய். "பிள்ள பெத்தவளுக்கு ஊசிக் கோழியவா குடுப்பேன்? கொண்டு போயி மொதலாளிகிட்டயே குடு" என்று திருப்பிவிட்டாள். வேலைக்கும் வரவில்லை. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். ஊரில் ஒருத்தியாவது உன் முகத்துக்கு நேரே சொன்னாளே என்று.

ஜெயமங்கலம் வரைக்கும் போய், சீக்குப் படாத நாட்டுக்கோழி இரண்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றேன். அவள் கண் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"வாங்கிக்க ஆத்தா. இது நல்ல கோழி" என்றேன்.

அவள் கை நீட்டவில்லை. "இது சீக்குன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்ணே?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "செவ்வாய்க்கெழம" என்றேன்.

விரல் மடக்கினாள். "செவ்வா. பொதன். வியாழன். மூணு நாளும் இந்த வாசலத் தாண்டித்தான் சைக்கிள்ல பண்ணைக்குப் போனீக. ஒரு தடவ மணியடிச்சு, 'ஏ பேச்சி, அந்தச் சேவல வாங்காத'ன்னு சொல்லியிருந்தா, நான் வாங்கியிருப்பேனா? மொதலாளி தெரிஞ்சு குடுத்தாக. நீங்க தெரிஞ்சு போனீக. அவுக கோழி வேணாம்னவ ஒங்க கோழிய மட்டும் எப்படிண்ணே வாங்குவேன்?"

"கோயில்ல நான் சொன்னேன்ல?"

"அங்கன ஒங்க மாப்ளகிட்டப் பேசுனீக. எங்ககிட்டயா பேசுனீக?"

கோழிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

உனக்கு இது தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் உன் மேல் கோபமாகத் திரிந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டு போயிருப்பாய். கோபம் உண்மைதான். இன்றும் ஒரு சொட்டு குறையவில்லை. உன் சிரிப்புப் பேச்சை நான் மன்னிக்கவும் போவதில்லை. உன்னோடு சண்டை போட எனக்கு வார்த்தை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவளுக்குச் சொல்ல அன்றைக்கும் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பேச்சியம்மாள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் முகம் திருப்புவதில்லை, பேசுவதும் இல்லை. எனக்கு அந்தப் பக்கம் தினமும் வேலை இருக்கிறது. அவள் வாசல் வரும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.