எஸ்தருக்கு, எட்டு மூக்குக் கெண்டியைப் பற்றி

இயர்போனில் எப்போதும் இடது காதையே பிடுங்கிக்கொள்ளும் என் எஸ்தருக்கு,

போய்விட்டு வந்தேன்டி! இத்தாலிக்கு! தாராவி லேபர் கேம்ப்பில் நம் மாடிப்படியில் உட்கார்ந்து, கீறல் விழுந்த உன் போனில் நாம் பார்த்த அதே மலை, அதே பனி, அதே சீஸ் கடை. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் கழித்து, செம்பூரில் ஒரு சின்ன டூர் கம்பெனி ஏழே பேரை என்னிடம் ஒப்படைத்தது. ஊர் ஊராகப் போய், அவரவர் வீட்டில் உட்கார்ந்து, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடும் டூர். வீடியோ பார்த்து இத்தாலியன் படித்தவளை நம்பி அனுப்பியிருக்கிறார்கள், யோசித்துப் பார்!

அங்கே நெல்வயல் இருக்கிறது, தெரியுமா? தாராவியில் பெல்ட் கடை வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணாச்சி, பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டார். "ஏ பிள்ளா, இது நம்ம அம்பாசமுத்திரம்லா! இதுக்கா எட்டு மணி நேரம் ஏரோப்ளேன்ல வந்தோம்?"

சுற்றி வளைக்கிறேன். உனக்குப் புரிந்திருக்கும். சொல்லவந்தது அந்த டீ விஷயம்.

எத்தனை வருடம் ஒரே கிளாஸில் கட்டிங் சாய் குடித்தோம்? பாதி நீ, பாதி நான். உனக்கு டிபி மாத்திரை தொடங்கியபோது, கிளாஸால் ஒட்டாது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். ஆனாலும் அன்று நீ மீதியை நீட்டியபோது, "இப்பத்தான்ட்டி குடிச்சேன்" என்றேன். உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் உன் பெயர் வெட்டிய தனி டம்ளர் வந்தது. நீ அதில் குடித்துக்கொண்டே, "இன்னைக்கு எந்த ஊர்ட்டி பாக்கோம்?" என்றாய், அவ்வளவுதான். குடித்துவிட்டேன் என்று நான் சொன்னது பொய் என்று உனக்குத் தெரிந்ததா?

கடைசி நாள், ஆல்ப்ஸ் மலையடியில் ஒரு பள்ளத்தாக்கு. மார்த்தா என்பவரின் வீடு. சாப்பாடு முடிந்ததும் ஒரு மரக்கெண்டியைக் கொண்டுவந்தார். குண்டாக, மூடி போட்டு, சுற்றிலும் எட்டு மூக்கு. உள்ளே ஆரஞ்சுத் தோல் போட்ட காபி. மேசையில் உள்ளவர்கள் கை மாற்றி, ஆளுக்கொரு மூக்கில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். காலியாகும்வரை கீழே வைக்கக் கூடாது. வைத்தால் நட்பு முறிந்ததாம். அதில் சாராயமும் ஊற்றுவார்களாம். வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன். எச்சிலைப் பற்றித்தான் யோசிக்கவே இல்லை.

மார்த்தா ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, எங்கள் குழுவில் வந்திருந்த மாட்டுங்கா மீனாட்சி மாமியிடம் நீட்டினார். மாமி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஒரே பாத்திரத்துல எல்லாரும் வாய் வெக்கறதா? என்னால ஆகாதுடி கொழந்தே."

"குடுங்கம்மா, நான் தூக்கிக் குடிக்கேன்" என்று அண்ணாச்சி வாங்கினார். டிரெயினில் பாட்டிலைத் தூக்குவோமே, அதே மாதிரி அண்ணாந்து சரித்தார். பக்கத்து மூக்குகளைக் கட்டைவிரலால் அடைக்க வேண்டும் என்று யார் கண்டது? ஒன்று வாயில், இரண்டு காதில்! நல்லவேளை, காபி ஆறியிருந்தது.

"அரே, குளிப்பாட்டுதுய்யா!" என்று அண்ணாச்சி கெண்டியைக் கீழே வைக்கப் போனார். மார்த்தாவின் முகம் மாறியது. நான் பாய்ந்து பிடுங்கிவிட்டேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் குடித்தால்தான் அடுத்தவர் வாங்குவார். ஆனால் மார்த்தாவும் ஏழு பேரும் சேர்ந்து எட்டு மூக்கு. எனக்கென்று ஒன்று இல்லை. மார்த்தா குடித்த மூக்கின் விளிம்பில் காபி ஈரம் இருந்தது. எனக்கு மாடிப்படியும் நீ நீட்டிய கிளாஸும்தான் தெரிந்தன.

அந்த மூக்கிலேயே வாய் வைத்தேன். ஒரு வாய் இல்லை எஸ்தர், மூன்று வாய். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, புரையேறிவிட்டதோ என்று மார்த்தா பதறினார். இல்லை என்று தலையாட்டினேன்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, குடு. என் மூக்கு எது? காட்டித் தொலை" என்றார். மேசையே சிரித்தது. கெண்டி ஏழு பேரையும் சுற்றிவிட்டுக் காலியாகத்தான் கீழே இறங்கியது. அடுத்த குழுவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் மார்த்தா.

உன் டம்ளர் இன்னமும் உங்கள் வீட்டு மேல்தட்டில் கவிழ்ந்தே இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேராக அங்கேதான் வருவேன். உன் அம்மா எனக்குக் கண்ணாடி கிளாஸை எடுப்பார். "பெரியம்மா, எஸ்தர் டம்ளர்ல தாங்க" என்று கேட்பேன். பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவரிடம் நீட்டுவேன். இது சத்தியம்.

உன் வலது காது,
ஆறு மாதம் பிந்திப் பிறந்த தங்கச்சி
ஜெனி