கெட்டது இல்லை என்றார்கள்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நாக்கின் இடது ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் சொல்லும்போது பல்லில் இடறும். ஐந்து மாதமாகப் பல்லின்மேல் பழி போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். போன மாதம் மருத்துவர் ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற்றுநோயோ என்று சந்தேகமாக எழுதி வந்தது. ஆனால் அவருக்கு மனம் ஒப்பவில்லை. "பார்வைக்கு அப்படித் தெரியுற சாதாக் கட்டி ஒண்ணு இருக்கு, ரொம்ப அபூர்வம். அதே துண்டுல வேற சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுதியிருக்கேன். கொஞ்சம் பொறுங்க" என்றார். பொறுத்திருக்கிறேன். நீ பதறாதே. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

பிப்ரவரி 5

அக்கா,

பதறாதே என்று எழுதினால் பதறாமல் இருந்துவிடுவேனா? 27ஆம் தேதி வருகிறேன். மூன்று வாரம் லீவு. டிக்கெட் எடுத்தாயிற்று. ஏழு வருஷமாக வராததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். முடிவு வந்த நிமிஷமே சொல்.

தம்பி

பிப்ரவரி 24

தம்பி,

முடிவு பதினைந்தாம் தேதியே வந்துவிட்டது. நரம்பைச் சுற்றியிருக்கும் செல்களிலிருந்து கிளம்புகிற கட்டியாம். கெட்டது இல்லை, சுத்தமாக எடுத்துவிட்டால் போதும் என்றார்கள்.

ஒன்பது நாளாக உன்னிடம் மறைத்தேன். நீ இரண்டு தடவை கேட்டாய். இன்னும் வரவில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். முன்னறையை ஒழித்து, உனக்கென்று புது மெத்தை வாங்கிப் போட்டேன். இன்று அதில் உட்கார்ந்து பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. அங்கே நீ வயிற்றில் நெருப்போடு இருக்கிறாய், இங்கே நான் திரைச்சீலைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் எட்டாம் தேதி அறுவை சிகிச்சை. கெட்டது இல்லைதான். இருந்தாலும் வா.

அக்கா

பிப்ரவரி 25

அக்கா,

படித்ததும் போன உயிர் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. ஒன்பது நாள் நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. கெஞ்சி வாங்கிய லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை என்றான பிறகு இங்கே என்ன காரணம் சொல்லிக் கிளம்புவது? அடுத்த வருஷம் எல்லோருமாக வருகிறோம். அறுவை முடிந்ததும் எழுது.

தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் நியாயம்தான். அறுவை நல்லபடியாக முடிந்தது. "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டபோது, நிலையத்து டைம்கீப்பரைக் காட்டினேன். பாவம், கையெழுத்துப் போட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடினார். நாலு தையல். மிச்சமில்லாமல் வந்துவிட்டதாம். 'ழ' மட்டும் இன்னும் வழுக்குகிறது. வீட்டில் யாரோடாவது நிறையப் பேசுங்கள், சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறேன், வாடகை விளம்பரங்கள் உட்பட. முந்தாநாள் வேலையில் சேர்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

எப்போதாவது இது திரும்பி வருவதுண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் உனக்கு எழுதி, நீ பதறி, பிறகு ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இனி என்னிடமிருந்து கடிதம் வராவிட்டால் நன்றாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா